ஆற்று நடுவில் நின்ற ஜீப்

மெராப்பி மலையின் உச்சியில் மேகம் கருத்தபோது, ஜீப் கூனிங் ஆற்றின் நடுவில் செத்துக் கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் தண்ணீரில் ஆடிப் பாடிப் படமெடுத்துக்கொண்டு, கரையேறித் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்கள். ஆற்றில் மிச்சம் இருந்தவர்கள் டிரைவர் சுகெங்கும் அவன் மனைவி வர்சினியும்தான்.

"உன் எலக்ட்ரானிக் சாமி கண்ணைத் தொறக்க மாட்டேங்குது பாரு!" என்றான் சுகெங், பானட்டுக்குள் தலையை விட்டபடி. "பழைய பாயிண்ட்டா இருந்தா தீப்பெட்டி உரசுற பக்கத்தை வெச்சு நாலு தேய் தேய்ச்சுக் கிளப்பியிருப்பேன்."

தண்ணீர் தெறித்தாலே எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பாயிண்ட் நனைந்து வண்டி மக்கர் செய்கிறது என்று நச்சரித்து, போன மாதம் அதைக் கழற்றி எலக்ட்ரானிக் பெட்டி போட வைத்தவள் வர்சினிதான். இப்போது என்ன ஆயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு, வந்தவர்கள் ஆடப் பாட்டு வேண்டுமென்று சுகெங் திரும்பச் சாவியைப் போட்டு வைத்திருந்தான். பாயிண்ட் காலத்துப் பழக்கம். அது எப்படியோ தாங்கியது. எஞ்சின் ஓடாமல் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் இந்தச் சின்னப் பெட்டி சூடேறித் தாங்காது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தும் அவள் சொல்லவில்லை. போன தடவை ஜீப் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் திருத்தியதற்கு ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்த மகராசன் ஆயிற்றே!

வாக்கி-டாக்கி கரகரத்தது. மலை மேலிருக்கும் ஸ்டாண்டிலிருந்து மூத்த டிரைவர் வகிமான் கத்தினார்.

"தடுப்பணையைத் தாண்டி கல்லும் மணலுமா வெள்ளம் இறங்குது. ஆத்துல எவனும் நிக்காதீங்க!"

"என்னங்க, வண்டியை விட்டுட்டு ஓடிரலாம்."

"நீ போ. வண்டி போச்சுன்னா நாளைக்கு எதை ஓட்டித் திங்கிறது?"

அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். வண்டியோடு போனாலும் போவான். இனி மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"சாவி போட்டே கெடந்துச்சுங்க. பெட்டி வெந்துபோச்சு. நீங்க தலைகீழா நின்னாலும் பொறி வராது. நகருங்க!"

அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கியரை லோவில் போட்டு, தரையிலிருந்த ஸ்டார்ட்டர் பொத்தானை மிதித்தாள். பொறி இல்லாவிட்டால் என்ன, பேட்டரி இருக்கிறதே! ஸ்டார்ட்டர் மோட்டார் முக்கி முனகி வண்டியையே இழுத்தது. ஒரு முழம். இன்னொரு முழம். தண்ணீர் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"பேட்டரி செத்துரும்டி!"

"சாகட்டும். இறங்கித் தள்ளுங்க!"

பின்சக்கரம் கரை மேட்டில் ஏறியதும் மோட்டார் விக்கி அடங்கியது. இருவரும் தோள் கொடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தபோது, ஜீப் நின்றிருந்த இடத்தில் மாட்டுக் கொட்டகை அளவுப் பாறைகள் உருண்டுகொண்டிருந்தன.

"கரையேறிட்டியா சுகெங்?" வகிமானின் குரல். "வண்டி ஏம்ப்பா நின்னுச்சு? பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஒரு பெட்டி மாட்டுனியே, அந்தச் சனியனாலதானே?"

ஸ்டாண்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுகெங் பேசும் பொத்தானை அழுத்தினான். ஈர விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினான்.

"இல்லண்ணே. சாவியை அணைக்காம விட்டது நான். கரையேத்துனது அவ."