மரக்கறிச் சஹன்

கீழக்கரையில் மகள் நஃபீசாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் முதல் விருந்து. நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தெருவரை மணத்தன. சுஐபுக்கோ உள்ளே போகக் கால் வரவில்லை.

பருத்த உடம்பு, நீரிழிவு, காலில் ஆறாத புண். கறியை விட்டுக் காய்கறிக்கு மாறாவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாறிய பிறகுதான் புண் ஆறத் தொடங்கியது. ஆனால் இங்கே சஹன் சாப்பாடு. நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ண வேண்டும். சம்பந்தி வீட்டுச் சஹனில் கை வைக்காவிட்டால் மகளல்லவா பேச்சுக் கேட்பாள்? இன்று ஒருநாள் தின்றுவிடுவோம் என்று உட்கார்ந்தார்.

சம்பந்தி வாவு முகம்மதுவே தட்டைத் தூக்கிவந்து வைத்தார். நடுவில் கொஞ்சம் சோறு. சுற்றிலும் அவரைக்காய், புடலங்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை.

"என்ன சம்மந்தி இது?"

"ஒங்க மக சொல்லிருச்சு. நானும் இதுலதான் உக்காரப்போறேன்." தன் தம்பிமார் இருவரையும் அவர் இழுத்து உட்காரவைத்தார்.

"ஏன் காக்கா, சீனி வியாதி அவுகளுக்கு, பத்தியம் எங்களுக்கா?" என்று அண்ணனைக் கேட்டான் இளையவன், பக்கத்துச் சஹனை ஏக்கமாகப் பார்த்தபடி.

"பேசாமத் தின்னுலே. ஒன் தொந்திக்கும் நல்லதுதேன்."

சுஐபு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். குனிந்து பிஸ்மி சொல்லிவிட்டு நிமிர்ந்தால், இளையவன் அவரைக்காயை முழுக்கத் தன் பக்கம் வழித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, பத்தியக்காரன் நான்ப்பா! எனக்கும் கொஞ்சம் வைங்க!"

பெண்கள் இருந்த அறைத் திரைக்கு அந்தப் பக்கம் நஃபீசா சிரிப்பது கேட்டது.