ஊமத்தை முளையாத மண்

மழை ஓய்ந்து சில கிழமைகளே கழிந்திருந்த ஒரு காலை. கடல் தன் சாம்பல்நிற அலைகளைத் துவைத்த துணிகளென ஒன்றன்மேல் ஒன்றாய்க் கரையில் மடித்துவைத்துக்கொண்டிருக்க, அக்கரைக்குப் பின்னே முதுகு வளைந்து கிடந்த மணல்மேடுகள் யாவும், ஆட்டின் குளம்புபோல் பிளந்த இலைகளையுடைய அடம்பங்கொடியால் போர்த்தப்பட்டு, செவ்வூதா மலர்களை விரித்திருந்தன. கண்ணுக்கு அது விருந்துதான். ஆயினும், படிக்கும் அன்பரே, அம்மேடுகளின்மீது தலை கவிழ்ந்து, கையில் இரும்புக் கம்பியும் தோளில் நீர்க்குடுவையுமாய் வரிசையாக நடந்தவர்கள் அழகு காண வந்தவர் அல்லர். தம் பிள்ளைகள் புதைக்கப்பட்ட இடம் தேடி வந்தவர்கள்.

கலகம் நடந்த ஆண்டில், கேட்டு அறியவேண்டியது உண்டு என்று சொல்லி, படையினர் இளைஞர் பலரை வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். சென்றவர் எவரும் மீளவில்லை. பின்னர் ஆட்சி மாறிற்று. புதிதாய் வந்தவர்கள், "இடத்தைக் காட்டுங்கள், தோண்டித் தருகிறோம்" என்றார்கள். இடம் அறிந்தவர்களோ வாய் திறக்கவில்லை. கேட்பதற்கு எஞ்சியது மண் ஒன்றே. மண்ணோ பூக்களால் அன்றி வேறெதனாலும் பேசவில்லை.

அப்பேச்சைக் கற்கப் புறப்பட்டவர்களுள் ஒருத்தி அடுமனைக்காரி. ஆண்டுக்கணக்காய் மாவு பிசைந்து உரமேறிய கைகள் அவளுடையவை. ஒரே மகன், அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன். அவளோடு என்றும் இணைந்து நடப்பவள் தையல்காரி. அவள் மகனும் அதே வண்டியில் ஏற்றப்பட்டவன். இவர்களுக்குச் செடிகளைப் பிரித்தறியக் கற்பித்தவள், கல்லூரியில் செடியியல் பயிற்றும் ஓர் இளம்பெண். அவளுக்கு அவர்கள் இட்ட பெயர் பூக்காரி.

"பூவைப் பார்த்து மயங்காதீங்கம்மா," என்றாள் பூக்காரி. "இலை எப்படிக் கிளம்புதுன்னு பாருங்க. கசக்கி மோந்து பாருங்க. தோண்டாத மணல்ல அடம்புதான் படரும். ஒருதடவை கிளறி, உரமும் சேர்ந்த மண்ணுன்னா, ஊமத்தைதான் மொதல்ல வந்து உக்காரும். ஆனா அதைத் தொட்ட கையால கண்ணைக் கசக்கிடாதீங்க. கருமணி அகலமா விரிஞ்சு, பார்வை மங்கிடும்."

உரம் எது என்று எவரும் கேட்கவில்லை.

"என் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை பூவை மோந்து பார்த்ததில்லைக்கா," என்றாள் தையல்காரி. "நமக்குன்னு வாய்ச்சா பாரு, விக்கவே தெரியாத ஒரு பூக்காரி!"

"வாயைக் குறைச்சுக் காலைப் பாருடி. நெருஞ்சி முள்ளு."

இவ்வாறு சிரித்துக்கொண்டே தேடினார்கள். சிரிப்பு இல்லையேல் கால் நகராது.

அடுமனைக்காரியின் கணவன் ஒருநாளும் உடன் வந்ததில்லை. அவன் தச்சன், கதவும் சாளரமும் செய்பவன். மகனுடைய அறைக்கதவு மழையில் ஊதி இறுகும்போதெல்லாம், மகன் வரும்போது எளிதில் திறந்து உள்ளே போக வேண்டுமே என்று, இழைப்புளியால் சீவிச் சீவிச் சரிசெய்து வைத்தான். மனைவி நினைவில் பதிப்பதற்கென்று குவளை நீரில் இட்டுவைக்கும் செடிகளை எடுத்து வெளியே எறிந்தான்.

"பூவெல்லாம் படிச்சு என்ன பட்டமா வாங்கப் போறே?"

"நீங்களும் ஒருநாள் வாங்களேன்."

"நான் எதுக்கு? செத்தவங்களைத் தேடுறவங்க போங்க. என் புள்ள வருவான்."

ஓய்வுநாள்களில் மட்டும், அலை ஒதுக்கிய மரம் பொறுக்கப்போகிறேன் என்று சொல்லித் தனியே கடற்கரைக்குச் சென்று வந்தான்.

அன்று தேடியவர்கள், இடிந்த உப்புக் கிடங்கின் புறச்சுவர்வரை சென்றுவிட்டார்கள். முன்னொரு முறை அவ்விடத்தை ஏதுமில்லை என்று கடந்து போனவர்கள்தாம். ஆனால் இப்போது அடுமனைக்காரியின் கண் கற்றுத்தேர்ந்த கண். சுவரையொட்டி, பாய் விரித்த அளவுக்கு ஒரு வெற்றுநிலம். அடம்பு படர்ந்து வந்து அதன் விளிம்பில் நின்றிருந்தது. உள்ளேயோ ஒரு புல்லும் இல்லை. பூத்திருப்பதை அறியக் கற்றவள், பூக்க வேண்டியது பூவாதிருப்பதை அப்போது கண்டாள். சுவருக்கு அப்பால் எட்டிப்பார்த்தாள். வேரோடு பிடுங்கிய ஊமத்தைகள், முட்காய்களோடு, காய்ந்தவையும் வாடியவையுமாய்க் குவிந்து கிடந்தன. பிடுங்க வராத தடித்த வேர்கள், உளிபட்ட மரமெனச் சாய்வாகச் சீவப்பட்டிருந்தன.

சென்ற ஓய்வுநாளில் தச்சன் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வீடு திரும்பியதும், மரத்தூள் விழுந்தது என்றதும், விளக்கருகே அவள் பார்த்தபோது அக்கண்ணின் கருமணி மட்டும் கிணற்றுவாய்போல் அகன்று கிடந்ததும் அவள் நெஞ்சில் எழுந்தன.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லைடி. வா, போவோம்."

வீடு வந்ததும், ஊமத்தையைப் பிடுங்கியது நீங்கள்தானா என்று கணவனைக் கேட்டாள். தச்சன் மறுக்கவில்லை.

"அங்க ஒரு செருப்பு கெடந்துச்சு," என்றான். "அவனோடது மாதிரி."

"அது மாதிரி செருப்பு ஊர்ல பாதிப்பேர் போட்டிருந்தானுங்க."

"தெரியும். ஆனா, தோண்டினா அவன் செத்தவன். தோண்டாதவரைக்கும் வரவேண்டியவன்."

"எனக்கும் அவன் வரணுங்க," என்றாள் அவள். "ஆனா அந்த மண்ணுக்கடியில ஒருத்தன் கெடக்கான்."

மறுநாள் அவளே எல்லாரையும் அழைத்துச்சென்று இடத்தைக் காட்டினாள். தோண்டுவோர் வந்தனர், தச்சனும் வந்து, தொலைவில் நின்றான். மண் அடுக்கடுக்காய் விலக, முதலில் துணி ஒன்று தெரிந்தது. சட்டையின் கழுத்துப்பட்டை. மடிப்பின் உட்புறத்தில், மண்ணுக்கும் மங்காத சிவப்பு நூலில் இரட்டை வரித் தையல்.

நம் பிள்ளை இல்லை என்று அடுமனைக்காரியின் நெஞ்சு துள்ளிற்று. ஒரு நொடிதான். அந்த நொடிக்காக அவள் பின்னர் தன் வாழ்நாள் முழுதும் நாணினாள்.

தையல்காரி மண்டியிட்டு, அந்நூலை விரலால் தடவினாள்.

"இது என் தையல்."

அழவில்லை. நெடுநேரம் கழித்து எழுந்தவள், சுவருக்கு அப்பால் கிடந்த குவியலைக் கண்டாள். அவளும் செடி கற்றவள்தானே.

"யாரு பிடுங்கினது?"

தச்சன் அருகில் வந்தான். "நான்தாம்மா. என் பையன்னு நெனைச்சேன்."

"எப்பலேருந்துண்ணே?"

அவன் குவியலின் அடியில் காய்ந்து கறுத்திருந்த செடியைக் காட்டினான்.

"உங்க பையனை உயிரோட வெக்க, என் பையனை மண்ணுல வெச்சீங்க," என்றாள். குரல் உயரவேயில்லை. "நான் அவன் மேலயே நடந்து போனேண்ணே. சிரிச்சுக்கிட்டு நடந்து போனேன்."

தம் பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும் என்று விழைவதினும் தூய விழைவு பெற்றோர்க்கு இல்லை. அவ்விழைவே கையில் உளி எடுத்து, இன்னொரு தாயின் நிலத்தைச் சீவிற்று. இதில் எதனைப் பழிப்பது, எதனைப் பொறுப்பது என்று உரைக்க இக்கதைக்கு உரிமை இல்லை.

அடுத்த கிழமை தையல்காரி வரவில்லை, அதன்பின்னும் வரவில்லை. வரிசையில் அவள் நடந்த இடத்தில் இரும்புக் கம்பியோடு தச்சன் நடந்தான். ஒவ்வொரு செடியின் அருகிலும் நின்று, இலையைக் கசக்கி மோந்து, "இது என்ன?" என்று மனைவியைக் கேட்டான். தும்பை என்றாள், நாயுருவி என்றாள். பொழுது சாய்கையில், மேட்டின் மடியில், மாலைக்கென்று வாய் திறக்கும் வெண்ணிறப் பூவொன்று, அருகே ஒரு முட்காயோடு, தனித்து நின்றது. அதன் பெயரை அவன் கேட்கவில்லை. குனிந்து கம்பியை அதன் அருகே ஊன்றி, கடல் இரைச்சலை மீறி, எல்லாரையும் வருமாறு குரல் கொடுத்தான்.