புல்லுக்குள் போன சாமை

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. கேலி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நீங்கள் என்னைத் திட்டும்போது கொஞ்சம் லேசாக இருக்கும்.

தை மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல். அதன்மேல் ஒரு பெண் மண்டியிட்டு, பேன் சீப்பால் புல்லைச் சீவிக்கொண்டிருந்தாள். படம் எடுத்து, 'புல்லுக்குத் தலை வாரிவிடும் அம்மா' என்று எழுதி முகநூலில் போட்டேன். ஊரே சிரித்தது. அவளுடைய கண்களில் அப்போது

(இல்லை. கண்களை நான் பார்க்கவேயில்லை. படத்தில் இருப்பது முதுகுதான்.)

2

'மலையின் பச்சைக்கு நடுவே ஒரு பொய்ப் பச்சை' என்று ஆரம்பித்திருந்தேன். அடித்துவிட்டேன். அப்படிப் பெருமூச்சு விடுவது அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி வந்து சாயங்காலமே இறங்கிப்போகிறவர்களின் வேலை. சீவிக்கொண்டிருந்த பொன்னாயிக்கு அது மகன் வாங்கிப்போட்ட புல்.

ஐப்பசி மழையில் அவள் வாசல் சேற்றில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் சதீஷ்குமார் அலறியடித்துக்கொண்டு வந்தான். வாசலுக்கு சிமெண்ட் போட்டான். சிமெண்டும் வழுக்குமே என்று அதன்மேல் புல்லை வாங்கி ஒட்டினான்.

"இனி நீ உளுந்தாக்கூட அடிபடாதும்மா" என்றான். அவன் போனதும் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். காலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

3

அவர்கள் வீட்டில் விதைக்கு எடுத்த சாமையை வாசலில்தான் காயவைப்பார்கள். சாக்கிலோ தார்ப்பாயிலோ கொட்டினால் முளைக்காது என்பது அந்த வீட்டு நம்பிக்கை. இந்த வருஷ விதை நாலு படி. பொன்னாயி அதைக் கொண்டுவந்து வாசலில் கொட்டி, கையால் பரப்பினாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்தது. கடுகளவு தானியம் புல்லுக்குள் இறங்கிவிடும் என்று இவ்வளவு காலம் வெள்ளாமை செய்தவளுக்குத் தெரியாதா? பின்னால் அவள் கணவர் சென்றாயனிடம் கேட்டேன். "வாசல்னா வாசல்தானுங்க. மேல என்ன போட்டிருந்தா என்னங்க?" என்றார். சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.)

சாயங்காலம் அள்ளப்போனால் மேலே ஒரு படிகூட இல்லை. விளக்குமாற்றால் கூட்டினாள், மிச்சமும் உள்ளே போனது. பசை போட்டு ஒட்டிய புல்லை உதறவும் முடியாது. பிய்த்தால் கிழிந்துவிடும். எட்டு நாள் சீப்பால் வாரினாள்.* வந்ததில் பாதி பச்சை இழைத் துணுக்குகள்.

மற்ற சாமையெல்லாம் சோற்றுக்குக் குத்தியாகிவிட்டது. அக்கம்பக்கத்துக் காடுகளில் இப்போது மரவள்ளிதான். கைமாற்றாக விதை கேட்டு வாங்கவும் ஆளில்லை. ஆடியில் அவர்கள் காடு சும்மா கிடக்கும்.

* 'வாருதல்' என்ற இந்தச் சொல்லை நான் எழுதுவது இரண்டாம் முறை. முதல் முறை சிரிப்புக்காக எழுதினேன்.

4

என் படத்தின் கீழே யாரோ ஒருவர், "அது விதைச் சாமைங்க" என்று எழுதியிருந்தார். படத்தை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்க மறுபடி மலையேறினேன். நான் வாய் திறப்பதற்குள் மகன் போனில் வந்துவிட்டான்; பொன்னாயி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நம்ம ஊட்டு வாசப் படத்தைக் கம்பெனியே பாத்துச்சு. சீவி வெச்சுக்கற அளவுக்குப் புல்லு புடிச்சுப்போச்சா?"

பொன்னாயி என்னைப் பார்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினாள்.

"ஆமா கண்ணு. அழகா இருக்கட்டும்னுதான் சீவுனேன்."

"அப்பப் பின்வாசலுக்கும் போட்டரலாம். ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வாரேன்."

"எதுக்குச் சாமி..."

"சும்மா இரும்மா. அங்கயும் சேறுதான். மறுபடி உளுந்து வெச்சீன்னா?"

போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: "நான் உளுந்தப்ப அவன் அழுத அழுகை எனக்குத்தானுங்க தெரியும். அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே இறங்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

5

ஒரு முடிவு: மழை பெய்கிறது, பிளாஸ்டிக்குக்குள் நிஜச் சாமை முளைக்கிறது. கைதட்டல் வாங்கும். ஆனால் இடையில் பெய்த தூறலில் அது உண்மையிலேயே முளைத்திருந்தது. அடியில் சிமெண்ட். நான் பார்த்தபோது வெளுத்துச் செத்துக் கிடந்தது.

இன்னொன்று: மகன் தானாகவே புரிந்துகொள்கிறான். (எப்படி? அவனுக்குப் படம் காட்டி நம்பவைத்ததே நான்தானே.)

மூன்றாவது, மகனுக்கு எழுதி அனுப்பாமல் என் போனில் இருக்கிறது: 'தம்பி, உங்கள் அம்மா புல்லை அழகுபடுத்தவில்லை. விதையைத் தேடிக்கொண்டிருந்தார்.' அனுப்பினால், அம்மாவுக்காகத் தான் செய்ததே அவள் விதையைத் தின்றது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால், அவளுக்கு மிச்சமிருக்கும் மண் வாசலும் மூடப்படும். எனக்குத் துணிவில்லை. அனுப்புவதோ அழிப்பதோ உங்கள் பாடு.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். இன்று சனிக்கிழமை. மகன் வந்து புல் போடுவதற்குத் தோதாக, பொன்னாயி முறிந்து கூடிய அந்தக் கையாலேயே பின்வாசலில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.