அய்யாவின் ஏழு வருடம்

அய்யாவு என்ற தோட்டத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட ஏழு வருடக் கடுங்காவலை, அவனையும் சேர்த்து ஏழு பேர் ஆளுக்கொரு வருடமாகப் பங்கு போட்டு, ஒரே வருடத்தில் முடித்தார்கள். இது நடந்தது 1931 பிப்ரவரியிலிருந்து 1932 பிப்ரவரி வரை, மலாயாவில் செடெனாக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில். ரப்பர் விலை விழுந்து வேலை பாதியாகியிருந்தது. அய்யாவு சாலையில் ஒரு மாட்டுவண்டியை மறித்து ஓர் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டான். வண்டிக்காரனுக்குக் கீறல்கூட இல்லை. ஆறு மாதத் தண்டனையோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு. ஆனால் ஜொகூர் பாரு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர், அப்போது கையில் கத்தி இருந்ததா என்று கேட்டார். அய்யாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "கத்தி இல்லாம எப்படிங்க? நான் பால் வெட்டுறவன். இடுப்புல எப்பவும் இருக்கும்" என்றான். கத்தியைத் தொலைத்தவன் என்று பேர் வாங்குவதைவிடக் கேவலம் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆயுதத்தோடு வழிப்பறி என்றால் ஏழு வருடத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதி வருத்தத்தோடு எழுதினார்.

அய்யாவின் மனைவி கிருஷ்ணம்மாவுக்குக் காசநோய். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் மணியம் அவளுக்கு மூன்று மாதக் கெடு சொல்லியிருந்தார். மகள் சந்திரமதிக்கு வயது நான்கு. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர் அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுவார். அப்படிப் போன பிள்ளைகள் திரும்பி வந்ததில்லை. அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள்தான் வழி சொன்னாள். லயத்தில் ஆடு வெட்டினால் கறியை இலையில் கூறு போட்டு வைத்து ஆளுக்கொன்றாக எடுப்பது வழக்கம். அதைப்போல அவள் வருடத்துக்கு ஒன்றாக ஏழு கூறு உப்பு வைத்தாள். (அரிசி என்றும் சிலர் சொல்கிறார்கள். விசாரித்தவரை உப்புதான்.) முதல் கூறு அய்யாவுக்கு. மற்ற கூறுகளுக்கு யாரும் அசையவில்லை. "ஆட்டுக்கறின்னா சட்டியோட முந்திக்கிட்டு வருவீங்க, ஜெயிலுன்னதும் காலு வரலையோ?" என்றாள் பேச்சியம்மாள். முதலில் அவளே எடுத்தாள். பிறகு நான்கு பேர் எடுத்தார்கள். கடைசிக் கூறு மாலைவரை இலையிலேயே இருந்தது. கிருஷ்ணம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அதை அள்ளினாள்.

"உனக்கே மூணு மாசம்தாம்மா. ஒரு வருசத்துக்கு எங்க போவ?" என்றார் மணியம்.

"ஒரு வருசத்துக்குக் குறைய முடியாதுன்னா, அதுக்குள்ள சாகவும் முடியாதில்லங்க?" என்றாள் அவள்.

மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது உப்பு எடுத்தவர்களில் ஐந்து பேர் முடி ஒட்ட வெட்டிய தலையோடு நின்றார்கள். தைப்பூச வேண்டுதல் என்று துரை நினைத்துக்கொண்டார். கல் உடைத்ததுபோல் அவர்கள் கைகளில் கொப்புளங்கள் எழுந்தன. மாலை ஆறுக்குமேல் அவர்கள் கால் வாசலைத் தாண்டவில்லை. எந்தக் குழம்பும் சிறைக் கருவாடாகவே ருசித்தது. ஜொகூர் பாரு சிறையில் வார்டர் அய்யாவின் அட்டையில் ஒரு நாள் குறித்தால், விடியும்போது ஏழு நாள் குறித்திருந்தது. வார்டரை மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் ஏழுதான்.

நான்காம் மாதம் கிருஷ்ணம்மாவின் நாடி நின்றது. மணியம் மூன்று முறை பார்த்துவிட்டு, "ஓய்வு தேவை" என்று எழுதினார். எட்டாம் மாதம் மூக்கருகே வைத்த கண்ணாடியில் ஆவி படியவில்லை. ஆனாலும் அவள் இருமினாள், கஞ்சி காய்ச்சினாள், மகளைக் குளிப்பாட்டினாள். வலி மட்டும் குறையவே இல்லை. ஒருநாள் பேச்சியம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "முடியலக்கா, என்னை விட்டுடச் சொல்லு" என்று அழுதாள். "யாருகிட்டடி போயிச் சொல்லுவேன்?" என்று பேச்சியம்மாளும் அழுதாள்.

வருடம் ஒரு காலை ஆறு மணிக்கு முடிந்தது. அந்த நிமிடத்தில் அய்யாவுக்குச் சிறைக்கதவு திறந்தது. லயத்தில் ஐந்து பேரின் கொப்புளங்கள் உதிர்ந்தன. தேநீர் தேநீராக ருசித்தது. எல்லோரும் கிருஷ்ணம்மாவின் வீட்டுக்கு ஓடினார்கள். அவள் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரயில் பன்னிரண்டு மணிக்கு செடெனாக் வந்தது. அய்யாவு செம்மண் பாதையில் ஓடிவந்து மகளைத் தூக்கியபோது மணி பன்னிரண்டு நாற்பது. அதன்பிறகுதான் கிருஷ்ணம்மாவின் கை கீழே விழுந்தது.

மணியம் அந்த நேரத்தையே மரணப் பதிவில் எழுதினார். ஆறு மணியோடு அவளுடைய தண்டனை தீர்ந்துவிட்டது. அதற்குமேல் இருந்த ஆறு மணி நாற்பது நிமிடத்தை யாரும் அவளுக்கு விதிக்கவில்லை. லயத்து ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டப் போனார்கள்.