வறுத்த சிகரெட்

“வறுத்ததுதான் ஆயி, பயப்படாத,” என்று சொல்லிக்கொண்டே ஜோதி ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை ஒரு கையால் தூக்கி, உள்ளே கிடந்த மாயவனின் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்டைச் செருகினார்.

முத்தமிழ் அதே வேகத்தில் கையை உள்ளே விட்டு அதைப் பிடுங்கினாள். அப்பாவின் நெஞ்சு சில்லென்று இருந்தது. பாக்கெட் சூடாக இருந்தது. டீக்கடை அடுப்பில் வாட்டி நேராக இங்கே கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்.

“இது எங்கப்பாவோட போவாது சித்தப்பா.”

“அட, அவன் ஆசப்பட்ட பொருளு. நாப்பது வருசக் கூட்டாளி நான். வெறும் பையோட அனுப்பச் சொல்றியா?”

“வெறும் பையோடதான் போவாரு.”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாயவனின் மனைவி கிருஷ்ணம்மாள் மட்டும் நிமிரவில்லை. “குடுத்துத் தொலடி. ஊரு சிரிக்கப் போவுது,” என்றாள் முந்தானைக்குள்ளிருந்தே. முத்தமிழ் கொடுக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய், குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் பாக்கெட்டோடு போட்டாள். எரியும்போது வந்தது அப்பாவின் வாடை. இருபத்தெட்டு வருஷமாக அப்பா என்றால் அவளுக்கு இந்த வாடைதான், வேறு எதுவும் தெரியாது. அதை நினைக்க நினைக்க ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மாயவன் வேப்பந்தட்டையில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்ட சம்சாரி. அறுபத்தொரு வயசு. பெரம்பலூரில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மல்லுக்கட்டிவிட்டு நேற்றுச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். அவருடைய தங்கை மலர்க்கொடி கல்லங்குறிச்சியிலிருந்து வந்து முகம் பார்த்ததும் எடுத்துவிடுவதாகப் பேச்சு. அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறி அவள் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகள் எதைப் பேசுவது? சிகரெட்டைத்தான் பேசினார்கள்.

சிகரெட்டை வறுப்பார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வேப்பந்தட்டையில் வறுப்பார்கள். அந்தக் கூத்தைத் தொடங்கிவைத்த புண்ணியவதியே முத்தமிழ்தான்.

ஆறு வருஷத்துக்கு முந்தி அவள் மைக்ரோபயாலஜி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சிகரெட்டை விடச்சொல்லி அப்பாவிடம் புற்றுநோய்க் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மனுஷன் அசையவில்லை. “புத்துநோயின்னு எவன் சொன்னான்? வெள்ளக்காரன். அவனே ஒரு காலத்துல டாக்டரு சிகரெட்டு குடிக்கிற மாதிரி வெளம்பரம் போட்டவன்தான? காசு குடுத்தா ரிசர்ச்சு எந்தப் பக்கமும் சாயும்,” என்பார். பாக்கெட்மேல் இருக்கிற அழுகின படத்தைக் காட்டினால், “மேக்கப்பு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

சரி, கண்ணால் காட்டிவிடுவோம் என்று அவருடைய பாக்கெட்டிலிருந்தே ஒரு சிகரெட்டைத் திருடிக்கொண்டு போனாள். காலேஜ் லேபில் அதைப் பிரித்து, புகையிலைத் தூளைக் கிருமி வளர்க்கிற தட்டில் தூவி வைத்தாள். ரெண்டு நாளில் தட்டு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துவிட்டது. சுற்றி டேப் ஒட்டி, சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து எடுத்துவந்து அப்பாவின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

மாயவன் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. “இத்தனையும் என் சிகரெட்டுல இருந்ததா?”

“எல்லாம் உசுரோட இருந்த கிருமிப்பா.”

“எதுக்குச் சாவும்?”

பரீட்சையில் கேட்டதுபோல அவளும் டக்கென்று சொல்லிவிட்டாள். “சூட்டுக்கு.”

மறுநாள் காலையில் தோசைக்கல்லில் பத்து சிகரெட் வரிசையாகப் படுத்திருந்தன. கிருஷ்ணம்மாள் கருகிவிடாமல் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மாயவன் அதை டீக்கடைக்குக் கொண்டுபோனார். “எவன் ரிசர்ச்சையும் நம்ப மாட்டேன். எம்பொண்ணு ரிசர்ச்ச நம்புவேன். கண்ணால பாத்தேன்,” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். ஜோதியும் இன்னும் மூன்று கூட்டாளிகளும் வறுக்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்போரம் தனியாக ஒரு தகரத் தட்டே வைத்துவிட்டார். அதற்கு ‘லேபு சிகரெட்’ என்று பெயர் வேறு.

பொட்டப்பிள்ளைக்குக் கிருமிப் படிப்பு எதற்கு என்று முணுமுணுத்த அப்பா, இப்போது ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பேசுகிறார். முத்தமிழுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வறுத்தால் புகை நல்லதாகிவிடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ரெண்டு மாசம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். “மொதல்ல ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. ஒனக்கும் எவனோ காசு குடுத்துட்டான் போல,” என்று சிரித்துக்கொண்டே பற்றவைத்தார் மாயவன்.

கொல்லையிலிருந்து திரும்பும்போது பந்தல் பேச்சு அவள் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது ரெண்டு விஷயம். சிகரெட்டால் நுரையீரல் ஏற்கெனவே பாழாகிக் கிடந்தது, அதன்மேல் கிருமி தொற்றி நிமோனியாவாகிவிட்டது. ஊருக்கு வந்து சேர்ந்தது அதில் ஒன்றுதான்.

“கிருமிதான்யா,” என்று ஜோதி சொல்லிக்கொண்டிருந்தார். “வாலிகண்டபுரம் கல்யாணத்துல மூணு சிகரெட்டு பச்சையா குடிச்சான். வறுக்கல. நான் பக்கத்துல இருந்தேன். அதுல ஏறுனது.”

“அங்க எங்க போயி வறுக்குறது?” என்றார் இன்னொருவர்.

“எவ்வளவு சுதாரிப்பா இருந்த மனுசன். ஒரு நாளு அசந்துட்டான் பாரு.”

“இனிமே வெளியூரு போனா வறுத்துக் கையோட எடுத்துட்டுப் போயிரணும்ப்பா.”

நாலு தலையும் ஆமோதித்து ஆடின. அப்பா போய்விட்டார். இந்த நாலு பேரும் முத்தமிழ் பேரைச் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் அடுத்த சாவுக்கும் கிருமிமேல் பழியைப் போட்டுவிட்டு, இன்னும் நன்றாக வறுப்பார்கள். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஆம்பளைகள் முன்னால் போய் நின்றாள்.

“கல்யாணத்துல குடிச்ச மூணு சிகரெட்டு கொல்லல. நாப்பது வருசமா குடிச்சதுதான் கொன்னுச்சு.”

தம்பி பாலாஜி ஓடிவந்து கையைப் பிடித்தான். “யக்கா, இப்ப வேணாம். எடுத்ததுக்கு அப்பறம் பேசிக்கலாம்.”

“எடுத்துட்டா எவன்டா கேப்பான்? அப்பா இருக்கறப்பவே சொல்லிடுறேன்.”

ஜோதி நாற்காலியைவிட்டு எழவில்லை. “டாக்டரே கிருமின்னுதான எழுதிக் குடுத்தாரு?”

“முழுசா படிச்சீங்களா? கதவப் பேத்து எறிஞ்சது சிகரெட்டு. அப்பறமா உள்ள வந்தது கிருமி. வந்தவனத் திட்டுறீங்க. கதவப் பேத்தவனுக்குத் தோசக்கல்லு வச்சு உபசாரம் பண்றீங்க.”

“சிகரெட்டுல கிருமி இருக்குன்னு சொன்னவளே நீதானம்மா?”

“இருக்குதான். நான் பொய் சொல்லல, பாதி சொன்னேன். வறுத்தா கிருமி சாவலாம், பொகை சாவாது. அது தெரிஞ்சும் ரெண்டு மாசம் சும்மா இருந்தேன். எங்கப்பா என்னப் பத்தி ஊரெல்லாம் பெருமையடிச்சது புடிச்சிருந்துச்சு. போதுமா?”

வாசற்படியில் கிருஷ்ணம்மாள் எழுந்து வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

“அப்ப, தெனம் நான் வறுத்து வறுத்துக் குடுத்ததெல்லாம் என்னடி?”

ஜோதிக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு என்ன சொல்வது? ஒரு பொய் சொன்னால் அம்மா இன்றைக்குக் கண்ணை மூடித் தூங்குவாள். முத்தமிழ் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் பிரயோசனமில்லம்மா. வறுத்தாலும் வறுக்காட்டியும் அதேதான். நீ ஒண்ணும் பண்ணல. நான் சொன்னத நம்பி வறுத்த. அந்தப் பழி என்னுது.”

“ஆறு வருசம்,” என்றாள் கிருஷ்ணம்மாள். கையை உதறிக்கொண்டு உள்ளே போய் ஐஸ் பெட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். முத்தமிழுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலும் நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். அழுதாளே தவிர நகரவில்லை.

இப்போது ஜோதி எழுந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப யாரத்தான் நம்பச் சொல்ற? கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுத வக்கிறான். கவர்மெண்ட்டு படமும் போடுது, வரியும் வாங்குது. நீ தட்டக் காட்டுன, இப்ப அது இல்லேங்குற. எங்களப் பாத்தா எப்புடித் தெரியிது ஒனக்கெல்லாம்?”

“என்ன நம்பாதீங்க சித்தப்பா. ஒரு பொண்ணு ஒரே ஒரு தட்டுல பாத்ததுக்குப் பேரு ரிசர்ச்சே இல்ல. லட்சக்கணக்கான ஆளுங்க பின்னாடியே வருசக்கணக்கா போயி, யாரு குடிச்சா, யாரு செத்தான்னு எண்ணி எழுதி வச்சிருக்காங்க. எங்கப்பா அத நம்பல, என் தட்ட நம்புனாரு. காசு வாங்கிட்டுப் பொய் எழுதுனவனும் இருந்தான், இல்லேங்கல. அவன் எழுதுனது பொய்யின்னு கணக்குப் போட்டுக் காட்டுனது யாரு? இன்னொரு ரிசர்ச்சுக்காரந்தான். நம்ம டீக்கட அண்ணன் இல்ல.”

ஓரமாக நின்றிருந்த டீக்கடைக்காரர் பந்தல் மூங்கிலை ஆராய்ந்தார்.

“நான் தப்புன்னு இத்தன பேரு முன்னாடி சொல்றேன்ல. எந்தக் கம்பெனிக்காரனாவது ஒரு சாவு வூட்டுல வந்து நின்னு இப்புடிச் சொல்லியிருக்கானா?”

“வாயி ரொம்ப நீளம்,” என்றார் ஜோதி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டு வெளியேறினார். மற்ற மூன்று பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். போகிற போக்கில் ஒருவர், “படிச்ச திமிரு,” என்றார்.

“ஆமா, திமிருதான்,” என்றாள் முத்தமிழ், தெருவுக்கே கேட்கும்படி.

மலர்க்கொடி வந்து இறங்கி, “யண்ணே” என்று தெருமுனையிலேயே வீறிட்டதும் எல்லாம் மாறிப்போயிற்று. ஐஸ் பெட்டியிலிருந்து தூக்கினார்கள். வெந்நீரும் சீயக்காயும் வந்தன. அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழ, அவளைப் பிடித்துக்கொள்ள ரெண்டு பேர் வேண்டியிருந்தது. குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி, பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போடும்போது கிருஷ்ணம்மாள் மகள் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஆனால் தான் போட்டு முடித்ததும் கிண்ணத்தை அவள் பக்கம்தான் நீட்டினாள். முத்தமிழ் அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் போட்டாள். உதடு கறுத்துத்தான் கிடந்தது.

ஜோதி திரும்பி வந்திருந்தார். பாடையைத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சுவரோரமாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். முகம் தெருவைப் பார்த்திருந்தது.

“பெரம்பலூருல நீ வேல பாக்குற ஆஸ்பத்திரியில நெஞ்சு எக்ஸ்ரே எடுக்குறாங்களா?”

“எடுக்குறாங்க.”

“ஒன்ன நம்பிக் கேக்குறேன்னு நெனச்சுக்காத. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

“நம்ப வேணாம்.”

அவர் முகத்தைத் திருப்பாமலே அவள் பக்கம் சாய்ந்தார். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. “வெறும் வயித்துல வரணுமா?”

“வேணாம் சித்தப்பா. சாப்ட்டே வரலாம்.”

ஜோதி தலையை ஆட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை. போய் முன்பக்கம் தோள் கொடுத்தார். மனுஷன் நல்ல உயரம், அவர் பக்கம் பாடை தூக்கிக்கொண்டது. “சாயிது, சாயிது, எறக்கிப் புடிங்கப்பா,” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அங்கிருந்து பார்க்கும்போது பாடை சமமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜோதி முழங்காலை மடக்கியே நடந்துகொண்டிருந்தார்.