ஏழுக்கு மேலும் எண்ணுங்கள்

மாலக்கி லவெல் குடியை விட்டு நாலு வருஷமாகிறது என்பது அயர்லாந்து முழுக்கத் தெரிந்த செய்தி. கில்டூனாவில் மட்டும் அதை யாரும் நம்பவில்லை. சொந்த ஊர் அப்படித்தான். அவன் நிமிர்ந்து நின்ற நேரத்தைவிட விழுந்து கிடந்த நேரத்தைத்தான் அது அதிகம் பார்த்திருக்கிறது. விழுந்து கிடந்தாலும் அவன் அவர்களுடைய ஆள். டப்ளின் தொலைக்காட்சியில் அவன் முகம் வந்துவிட்டால் போதும், அவனை எந்தப் பள்ளத்திலிருந்து யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க ஊருக்கு மனசில்லை.

அவனைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு பாட்டு. உப்பு வாங்கிவர வீட்டிலிருந்து கிளம்பிய மீனவன் மூன்று நாள் கழித்து உப்பில்லாமல் திரும்பி வருகிற பாட்டு. வழியெல்லாம் மதுக்கடை, கடைதோறும் நண்பன். மூன்றாவது சரணம் முடிந்ததும் மாலக்கி அக்கார்டியனைத் தொடையில் சாய்த்துவிட்டு, ஒரு முழு கிளாஸ் ஸ்டவுட் என்கிற கருப்பு பீரை மூச்சு விடாமல் இறக்குவான். கூட்டம் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணும். ஏழுக்குள் கிளாஸ் காலி. ஏழு என்றதும் கூரை அதிரும். அதற்குப் பிறகு வருகிற நாலாவது சரணத்தை யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை, அவனும் ஒழுங்காகப் பாடியதில்லை. ஒரு மாலைக்கு ஏழு எண்ணுவது ஒரு தரம்தான். மேடையை விட்டு இறங்கிய பிறகு அவன் குடித்ததை யாரும் எண்ணவில்லை.

எண்ணாதது ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் மகள் நெஸாவுக்கு அப்போது ஐந்து வயது. குதிரைச் சந்தை நாளன்று ஒரு மதுக்கடையில் உயரமான முக்காலியில் அவளை உட்காரவைத்து, கையில் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்றான். இங்கே எல்லா அப்பன்களும் சொல்வதுதான். ஆனால் இவன் கச்சேரிக்காரர்களோடு வண்டியேறி, எழுபது மைல் தள்ளி இன்னொரு ஊருக்குப் போய்விட்டான். அங்கே பாடி, குடித்து, கைதட்டல் வாங்கினான். பிள்ளையை விட்டுவிட்டு வந்தது மறுநாள் மதியம் வரை அவன் நினைவிலேயே இல்லை. கடையில் வேலை செய்த பெண் ஒருத்திதான் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள். நெஸா அழவில்லையாம். வறுவலை மட்டும் தின்னாமல் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாளாம்.

அதற்கப்புறம் அவன் குடிக்கவில்லை. மனைவி டெர்வ்லா சண்டை போட்டிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் எதுவும் பேசாமல் அவனுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. பெட்டி அப்படியே ஒரு வருஷம் கிடந்தது. இப்போது அதில் சின்ன மகனின் விளையாட்டுச் சாமான்கள் இருக்கின்றன. மாலக்கி காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறான், செவ்வாய்க்கிழமை தோறும் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போகிறான், புதுப் பாட்டுகள் பாடுகிறான். உப்புப் பாட்டை மட்டும் தொடுவதில்லை. நெஸா அவன் கச்சேரி ஒன்றுக்கும் வந்ததில்லை. வா என்று கூப்பிட அவனுக்கும் வாய் வரவில்லை.

உயிர்காக்கும் படகின் கொட்டகைக்குக் கூரை போட வேண்டும், ஞாயிறு மதியம் ஊர் மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்திக் கொடு என்று கில்டூனா கேட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை. அவன் அப்பாவைக் கடலிலிருந்து கொண்டுவந்தது அந்தப் படகுதான். நானும் வருகிறேன் என்று நெஸா தானாகவே சொன்னாள். ஒன்பது வயதுக்காரி, அம்மாவைப் போல அளந்து பேசுகிறவள். காரில் பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"அந்தப் பாட்டு பாடுவியாப்பா?"

"கேட்பாங்க, பாடித்தான் ஆகணும்."

"கிளாஸ்?"

"கிளாஸ் கிடையாது கண்ணு. என் கையில நீ அதைப் பாக்கவே மாட்டே."

பின்சீட்டில் மகள் பக்கத்திலிருந்த டெர்வ்லா காரின் உள்கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். முன்கண்ணாடியில் மழைத் தூறலைத் தள்ளும் துடைப்பான்கள் இரண்டும் போய்ப் போய் வந்தன.

மண்டப வாசலில் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பழைய படம். தலைமேல் நுரை வழியும் கிளாஸோடு மாலக்கி, கண்கள் சொருகி, பல்லெல்லாம் தெரிய. நெஸா அதை நின்று பார்த்தாள். அவனுக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

சமையலறையில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டிகளுக்கும் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கும் நடுவே டொமினிக் நின்றிருந்தான். ஊர் மதுக்கடைக்குச் சொந்தக்காரன், படகுக் குழுவின் தலைவன், மாலக்கியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. கெட்டவன் நீட்டினால் தட்டிவிடலாம். டொமினிக் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தி, தானே யோசித்த ஏற்பாட்டைச் சொன்னான். போதை நீக்கிய ஸ்டவுட் இப்போது பீப்பாயிலேயே வருகிறது, நிறமும் நுரையும் அச்சு அசல், பாதிரியாரே கண்டுபிடிக்க மாட்டார் என்றான். அதில் ஒரு கிளாஸ் மேடை மேசையின் இடது ஓரம் இருக்கும். அதை எடுத்துக் குடி, ஊர் எண்ணட்டும், டிக்கெட் வாங்கியவன் சந்தோஷமாகப் போகட்டும்.

"யாருக்குடா நஷ்டம்? உனக்கும் போதை இல்ல, அவங்களுக்கும் ஏமாத்தம் இல்ல."

"என் மக வந்திருக்கா, டொமினிக்."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லு, அது வெறும் தண்ணி மாதிரின்னு. குழந்தைக்குப் புரியாதா?"

மாலக்கி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவரொட்டியில் பல்லிளிக்கும் அந்தப் பயலுக்காகத்தான் மண்டபம் நிரம்பியிருக்கிறது என்று அவனுக்கு ஒரு பயம். தெளிந்த மாலக்கியை யாருக்கு வேண்டும் என்ற பழைய பயம். சரி என்று தலையாட்டிவிட்டான்.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. ஆடு ஏலத்தில் ஏமாந்த கதையைச் சொன்னான், சின்னவன் பல் முளைத்து முதலில் கடித்தது மாமியாரை என்று சொன்னான், சிரித்தார்கள். ஆனால் இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவன் தொண்டை காயக் கூடாது. பாட்டு பிடித்துப்போனால் ஒரு கிளாஸ் வாங்கி மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பியவனின் குடும்பத்தையே அவமதித்த மாதிரி. மாலக்கியின் பக்கத்து மேசையில் கிளாஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவன் தலையாட்டி நன்றி சொன்னான், தொடவில்லை. இதுவரைக்கும் தாங்கினான்.

அப்புறம் கஹல் எழுந்து வந்தான். மாலக்கியின் சித்தப்பா மகன், ஆட்டு வியாபாரி, குரலும் ஆட்டு வியாபாரி குரல்தான். இரண்டு கிளாஸ் அவன் பங்கு. வைக்க இடமில்லை என்று மேசையில் இருந்தவற்றை நகர்த்தினான், இடது ஓரத்தில் தனியாக நின்ற டொமினிக்கின் கிளாஸையும் இழுத்து வரிசையில் சேர்த்தான், கடைக்காரன் மாதிரி அழகாக அடுக்கிவைத்துவிட்டுத் தட்டிக்கொடுத்துப் போனான். இப்போது ஏழெட்டுக் கிளாஸ்கள், ஒரே கருப்பு, ஒரே நுரை. டொமினிக்கின் கிளாஸ் எது என்று டொமினிக்குக்கே தெரியாது. மண்டபத்தின் பின்னாலிருந்து அவன் மாலக்கியைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். முகம் வெளுத்திருந்தது.

அதற்குள் உப்புப் பாட்டு, உப்புப் பாட்டு என்று தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாலக்கி பாடினான். முதல் சரணம், இரண்டாவது சரணம். விரல்கள் தாமாக ஓடின, மனசு மட்டும் அந்த மேசையில் கிடந்தது. மோந்து பார்த்தால் எது எது என்று நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அந்த மூக்கை அவன் நாலு வருஷமாக அந்தப் பக்கம் விட்டதில்லை. உள்ளே ஒருவன் இனிமையாகப் பேசினான். எதையாவது எடு, தவறிப்போய் அசலாக இருந்தால் அது உன் குற்றமில்லை, கஹலின் குற்றம். அந்தக் குரல் அவனுக்கு நன்றாகத் தெரியும். எழுபது மைல் வண்டியில் அவனோடு வந்த குரல் அது.

மூன்றாவது சரணம் முடிந்தது. அவன் அக்கார்டியனைச் சாய்த்தான். மண்டபம் எழுந்து நின்றது. மூன்றாவது வரிசையில் டெர்வ்லா சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தாள். பக்கத்தில் நெஸா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

என் கையில் அதைப் பார்க்கவே மாட்டாய் என்று சொல்லியிருந்தான் அல்லவா? பார்க்காமல் இருப்பதற்குத் தன்னால் ஆனதைப் பிள்ளை செய்துகொண்டிருந்தது. டொமினிக்கின் பொய்க் கிளாஸே கைக்கு வந்தாலும் அந்த விரல்களுக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"ஒண்ணு," என்றது மண்டபம். "ரெண்டு."

அவன் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். மேசைப் பக்கம் திரும்பவில்லை. வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். ஐந்து, ஆறு. ஏழு என்றபோது கைதட்ட வந்த கைகள் பாதியில் நின்றன. எட்டு என்றார்கள், குரல் குறைந்தது. ஒன்பது, பத்து. பதினொன்று என்று யாரோ ஒருத்தர் மட்டும் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

கஹல்தான் கீழேயிருந்து கத்தினான். "என்னடா, எப்படிக் குடிக்கறதுன்னு மறந்துட்டியா?"

"மறக்கலடா. மறந்திருந்தா இவ்வளவு பாடு எதுக்கு?" என்றான் மாலக்கி. "ஏன் நிறுத்திட்டீங்க? எண்ணுங்க. குடிச்சப்போ ஏழு வரைக்கும் எண்ணினீங்க, அது பெரிய சாமர்த்தியம்னு தோள்ல தூக்கினீங்க. ஏழு எண்ணறதுக்குள்ள எந்த நாயும் குடிக்கும். நான் இப்போ குடிக்காம நிக்கறேன். இதையும் எண்ணுங்க. நாலு வருஷமா நிக்கறேன், உங்களுக்கு எண்ண வராதுன்னா சொல்லுங்க."

தேநீர்ப் பாத்திரம் மட்டும் உள்ளே சத்தம் போட்டது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இதுல ஒரு கிளாஸ் பொய். உங்களை ஏமாத்தறதுக்குக் கொண்டுவந்தது. டொமினிக்கைத் திட்டாதீங்க, சரின்னு சொன்னது நான். பழைய மாலக்கி வேணும்னு காசு குடுத்திருந்தா வாசல்ல திருப்பி வாங்கிக்குங்க. படகுக் கூரைக்கு அந்தப் பணத்தை நானே போட்டுடறேன். ஆனா பழைய மாலக்கி வரமாட்டான்."

கடைசி வரிசையில் இரண்டு பேர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கஹலுக்கு முகம் சிவந்தது. அவன் வாங்கி வைத்த கிளாஸை ஊர் முன்னால் வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. தடதடவென்று மேடையேறி, இது லவெல் வீட்டு ரத்தம், எப்படிக் குடிக்கிறதென்று நான் காட்டுகிறேன் பார் என்று சொல்லி, கைக்குக் கிடைத்த கிளாஸை எடுத்து அண்ணாந்தான். பாதி போனதும் நிறுத்தினான். கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சீ, என்னடா கருமம் இது? கழுவின தண்ணியா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. டொமினிக்கும் சிரித்தான், அவன் மனைவி ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கடைசியில் கஹலே தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். எல்லாரும் சிரித்த அந்த நேரத்தில் மாலக்கி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பில் இது கரைந்துபோய்விடும் என்று அவனுக்குத் தெரியும். நாளைக்கு இதுவும் ஊருக்கு ஒரு மாலக்கி கதை ஆகிவிடும். ஆகட்டும். அவன் மூன்றாவது வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெஸா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். கைகள் முகத்தில் இல்லை.

"பன்னெண்டு," என்றாள்.

சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவள் கவலைப்படவில்லை. "பதிமூணு," என்றாள், இன்னும் உரக்க. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பதினாலில் சிரிப்பு அடங்கியது. பதினைந்தில் டெர்வ்லாவின் குரலும் சேர்ந்தது. அந்தக் குரல் உடைந்திருந்தது, ஆனாலும் விடவில்லை. கஹல் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் மேடையிலேயே நின்றான்.

மாலக்கி அக்கார்டியனைத் தொடவில்லை. நாலாவது சரணம் காத்திருக்கட்டும். கைகளைத் தொங்கவிட்டு, ஊர் முழுக்கப் பார்க்க, மகள் எண்ணி முடிக்கும்வரை அப்படியே நிற்பது என்று இருந்தான். அவளோ இப்போதைக்கு முடிப்பதாக இல்லை.