பாதி வெங்காயம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேலி ஓரத்தில் கிடைத்தது. கிடைத்தது என்று நாகரிகத்துக்காகச் சொல்கிறேன். கொடுக்க வேண்டியவரிடம் கொடுக்காமல் நானே எடுத்து வைத்துக்கொண்டது இது. ஏழு மாதமாகிறது.

வாரப் பத்திரிகைக்கு எழுதிப் பழகியவனுக்கு முதல் வரியிலேயே வாசகரின் சட்டையைப் பிடிக்க வேண்டும். அதனால் முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘விர்ஜில் பலாப்பிஞ்சை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு.’

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரிப்புக் கதைக்கான தொடக்கம். இது சிரிப்பில் தொடங்கினாலும் அங்கே நிற்காது. அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன்:

‘ஆறு வருஷம் கழித்து டெலியா தன் அப்பா வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, பக்கத்து வீட்டுக்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று’

வேண்டாம். இந்தக் கதையில் பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது. அவர் இல்லாமலே இதை எழுதிவிட முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

2

விர்ஜில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஆனால் டெக்சாஸில் அந்தச் சின்ன ஊரில் யாரும் அவரை டிரைவராக நினைப்பதில்லை. எண்ணெய்க் கிணற்றுக் குழாயை வெட்டி வெல்டிங் பண்ணி அவரே செய்த புகை அடுப்பு ஒன்று பின்கட்டில் இருக்கிறது. மாட்டு நெஞ்சுக்கறியை அதில் வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதன் சும்மா உட்கார முடியும் என்றால் அது விர்ஜிலால் மட்டும்தான் முடியும். கறிக்கு உப்பும் மிளகும் தவிர வேறெதுவும் போட மாட்டார். கேட்டால், “மிச்சத்தை விறகு பாத்துக்கும்” என்பார்.

ஒரே மகள் டெலியா. கல்லூரிச் செலவுக்காக இரண்டு கோடை கோழி வெட்டும் ஆலையில், தலைக்கு மேல் நகரும் கொக்கிகளுக்கு அடியில் நின்று வேலை பார்த்தாள். இரண்டாவது கோடை முடிந்ததும் கறி சாப்பிடுவதை விட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. “நாலு நாள் தாங்காது” என்று மட்டும் சொன்னார். அது நாலு வருஷம் தாண்டியது.

பிறகு வந்தது அந்த ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம். சொந்தம், சர்ச் ஆட்கள், பின்கட்டு நிறைய நாற்காலி.

“எனக்கு என்னப்பா இருக்கு?” என்று கேட்டாள் டெலியா.

“பீன்ஸ் இருக்கு. கறியே கெடையாது. அள்ளிப் போட்டுக்க.”

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் பீன்ஸுக்கு மாட்டுக் கொழுப்பு ஊற்றுவதை யாரும் கறி போடுவதாக நினைப்பதில்லை. நாம் தாளிப்பது போல அது. கண்ணுக்குத் துண்டு தெரிந்தால்தான் கறி.)

பசியோடு வந்தவள் ஒரு தட்டு முடித்து இரண்டாம் தட்டு போட்டுக்கொண்டாள். அப்போது விர்ஜிலின் மனைவி எர்லீனின் தம்பி ஹாய்ட், ஊருக்கே கேட்கிற மாதிரி, “என்ன மருமகளே, மாட்டுக் கொழுப்பு ருசியா இருக்கா?” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். விர்ஜிலின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

டெலியா தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். அந்தத் தட்டை எர்லீன் இரண்டு நாள் எடுக்கவில்லை. உள்ளே இருந்ததை எறும்புகள் எடுத்துக்கொண்டு போயின.

3

விர்ஜில் என்ற பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு என்பது அவர் கணக்கில் கறி இல்லைதான். சரி. ஆனால் மகள் இரண்டாம் தட்டு போடும்போது ஹாய்டைப் பார்த்து ஏன் கண்ணடித்தார்?

எர்லீனிடம் ஒருநாள் கேட்டேன். “கண்ணடிச்சாரா இல்ல கண்ணுல பொகை பட்டுச்சான்னு அவருக்கே தெரியாது. ஆனா சிரிச்சது தெரியும். அதைத்தான் தெனமும் தூக்கிட்டுத் திரியறாரு” என்றாள்.

ஆக, சந்தேகத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஆறு வருஷம் ஞாயிறுதோறும் டெலியா போன் செய்தாள். விர்ஜில் எடுத்தால் “அம்மா இருக்காங்களா?” என்று கேட்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. போன செப்டம்பரில் தாயிடம் சொன்னாள்: “அக்டோபர் மூணாவது ஞாயித்துக்கெழமை ஹூஸ்டன் போற வழியில வர்றேன். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போறேன். அவர்கிட்ட சொல்லு. பீன்ஸ் மட்டும் வேண்டாம்.”

எர்லீன் அதைச் சொன்னபோது விர்ஜில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “கறியில்லாம விலா எலும்பு எப்படி பண்றது?”

4

அவர் சாலட் பண்ணி வைத்திருக்கலாம். சோளத்தைச் சுட்டு வைத்திருக்கலாம். இல்லை. வழக்கமான விருந்தில் எது எது உண்டோ அது அத்தனையும், கறி மட்டும் இல்லாமல், மகள் தட்டில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம்.

ஒத்திகை பார்த்த முதல் ஞாயிறு, டப்பாவில் அடைத்த பலாவை வாங்கி வந்து ஓக் விறகுப் புகையில் வைத்தார். வாங்கி வந்தது சர்க்கரைப் பாகில் ஊறிய பழம். எர்லீன் ஒரு வாய் வைத்துவிட்டு, “மிட்டாய்க் கடை தீப்பிடிச்ச மாதிரி இருக்குய்யா” என்றாள்.

இரண்டாம் ஞாயிறு கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி மாவெல்லாம் கரைந்துபோன பின் மிஞ்சுகிற பசையை விலாப் பட்டை மாதிரி தட்டி, அடுப்பில் வைத்தார். எவ்வளவு நேரம்? நெஞ்சுக்கறிக்கு எவ்வளவோ அவ்வளவு. அவருக்குத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான். ஒன்பதாவது மணியில் மூடியைத் திறந்தால் உள்ளே கூரை ஓடு இருந்தது.

“இதைச் செருப்பாத் தைச்சு யாருக்காவது குடுக்கலாம்” என்றாள் எர்லீன்.

“ஒனக்குத்தான் மொதல் ஜோடி.”

சரி. பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் ஆக வேண்டும். அவர் இல்லாமல் கோதுமை வேகாது போலிருக்கிறது. அவர் ஒரு தமிழர். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறார். பெயர் வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணே, மொதல்ல அவிச்சுக்குங்க. அப்புறம் ஒரு மணி நேரம் பொகை போதும்” என்றார். பழுத்த பலா வேண்டாம், உப்புத் தண்ணீரில் போட்ட பிஞ்சு வேண்டும் என்றார்.

“எங்க பக்கம் கல்யாணத்துக்கே இதுல குருமா வைப்பாங்க.”

“கல்யாணத்துல கறி போடலைன்னா சண்டை வராதா தம்பி?”

“போட்டாலும் வரும்ணே.”

மூன்றாம் ஞாயிறு கேரட்டை மிளகிலும் வினிகரிலும் ஊறவைத்துச் சுட்டது சாசேஜுக்கு அண்ணன் மாதிரி வந்தது. பலாப்பிஞ்சு இழை இழையாகப் பிரிந்தது. விலாவுக்கு எலும்பு வேண்டுமே என்று மெக்சிகன் கடையில் கரும்பு வாங்கிச் சீவிச் செருகினார். கடித்து இழுத்தால் பட்டை கழன்று கையில் கரும்பு நின்றது. விர்ஜில் அதைச் சப்பிக்கொண்டே ரொம்ப நேரம் பழைய அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல வச்சா அவ சாப்பிட மாட்டா. முப்பது வருஷக் கொழுப்பு ஊறின இரும்பு” என்றார்.

மறுநாள் சிவப்பு மூடி போட்ட சின்ன அடுப்பு ஒன்று புதிதாக வந்தது. புது இடுக்கி, புதுப் பலகை, புதுக் கத்தி. எல்லாவற்றிலும் எர்லீன் நீல நாடா கட்டினாள். “நீலம் டெலியாவுக்கு. மறந்து கறியத் தொட்டீங்க, கையை ஒடிச்சு விறகோட வச்சிருவேன்.”

(நாடா கட்ட முடிந்ததெல்லாம் பொருள்களுக்குத்தான்.)

5

அக்டோபர் மூன்றாவது ஞாயிறு. பழைய அடுப்பில் வெந்த நெஞ்சுக்கறி காலையிலேயே ஹாய்டின் வீட்டுக்குப் போய்விட்டது. பதினொன்றரைக்குச் சின்ன அடுப்பைப் பற்றவைத்தார் விர்ஜில். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். அவருக்குப் பயத்தைப் போக்குவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஜோக் சொன்னார். மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாப்பிள்ளை பற்றியது. முழுசாக இப்போது நினைவில்லை. விர்ஜில் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு விலாப் பட்டைகளை அடுக்கினார். கார் வந்தது.

இல்லை. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு இது கைவந்த கலை. திரும்பப் போகிறேன்.

அந்த ஊரில் அடுப்பு பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, உருக்கிய மாட்டுக் கொழுப்பில் தோய்த்து, சூடான கம்பித் தட்டில் நாலு இழுப்பு இழுப்பார்கள். அப்போதுதான் மேலே வைப்பது ஒட்டாது. கொழுப்பு டப்பாவும் வெங்காயமும் பழைய அடுப்பின் பக்கத்துப் பலகையில் எப்போதும் இருக்கும். எட்டி எடுக்கிற தூரம்.

விர்ஜில் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் என் பக்கம் இருந்தது. வலது கை பின்னால் போய்க் கரண்டியை எடுத்தது, டப்பாவில் முக்கியது, புது அடுப்பின் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தது, கரண்டியைப் போட்டது. ‘ஸ்ஸ்’ என்று சத்தம். முப்பது வருஷமாக அந்தக் கை அதைத்தான் செய்துவருகிறது. அதற்கு விர்ஜில் தேவைப்படவில்லை.

முகம் என் பக்கம் இருந்தது என்று எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான்தான்.

அவர் விலாப் பட்டைகளை அடுக்கி முடித்தபோது வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். “வந்துட்டா!” என்றார் விர்ஜில். அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

டெலியா மேஜையில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். விலா, சாசேஜ், இழை இழையாகப் பிரித்த பலா. கண் விரிந்தது, பிறகு சுருங்கியது.

“இதுல ஒண்ணும்…”

“ஒண்ணுமே இல்லம்மா. அடுப்பு புதுசு, இடுக்கி புதுசு. உங்கம்மா மேல சத்தியம்.”

“எம் மேல எதுக்கு? ஒங்க மேல பண்ணிக்கங்க” என்றாள் எர்லீன்.

டெலியா சிரித்துவிட்டாள். ஒரு விலாவை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே இருந்தவள் ஒரு கட்டத்தில் நிறுத்தினாள்.

“அப்பா… சின்ன வயசுல சாப்பிட்ட அதே ருசிப்பா. எப்படிப்பா இது?”

விர்ஜில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “விறகும்மா, விறகு” என்றார்.

அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று மேஜையில் ஒருவனுக்குத் தெரியும். அவன் கேரட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

6

செவ்வாய்க்கிழமை விர்ஜில் வேலிக்கு வந்தார். ஒரு கையில் முள்கரண்டி, நுனியில் காய்ந்து கருத்த பாதி வெங்காயம். இன்னொரு கையில் போன்.

“தம்பி, இது சின்ன அடுப்புக்குக் கீழ கெடந்துச்சு. நான் தேய்ச்சேனா?”

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

“எனக்கு ஞாபகமே வரலப்பா. நீ பக்கத்துலதான நின்ன? தேய்ச்சிருந்தா சொல்லு. இப்பவே கூப்ட்டு சொல்லிடறேன். போன தடவை மாதிரி எவனோ சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. நான் சொல்லணும்.”

போனில் மகளின் எண் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் அதன்மேலேயே இருந்தது.

“காலைல பெரிய அடுப்புல தேய்ச்சிருப்பீங்கண்ணே. காத்துல உருண்டிருக்கும்.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நம்பினார். “அப்பாடா! ரெண்டு மணி நேரமா செத்துட்டேன் தம்பி” என்று வெங்காயத்தைப் புதரில் வீசிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் மேல் இரக்கப்பட்டுத்தான் பொய் சொன்னேன் என்று இதற்கு முந்தைய படியில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்வதற்கு அந்த மனிதர் போனோடு வந்து நின்றார். நான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

7

இப்போது டெலியா மாதாமாதம் மூன்றாவது ஞாயிறு வருகிறாள். ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறாள்: “நல்லா இருக்குப்பா. ஆனா மொதல் நாள் மாதிரி வரல.”

விர்ஜில் விறகை மாற்றிப் பார்த்தார். மிளகை மாற்றினார். கரும்பு பதமில்லையோ என்று வேறு கடைக்குப் போனார். போன வாரம் வேலிக்கு வந்து கேட்டார்: “அன்னிக்குப் பண்ணினதுல என்னமோ ஒண்ணு விட்டுப்போகுது. என்னன்னு ஒனக்குத் தெரியுதா தம்பி?”

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில், விர்ஜில் பழைய அடுப்பைத் துடைக்கிற ஒரு காலையில் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுகிறார், அவருக்கே புரிந்துவிடுகிறது. இரண்டாவதில், டெலியாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. கொழுப்பின் ருசி தெரியாதா அவளுக்கு, அப்பாவுக்காகச் சும்மா இருந்தாள். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னை மன்னித்துவிடுகிற முடிவு என்பதால் அதை நம்பவில்லை. மூன்றாவதில் நான் வேலியைத் தாண்டிப் போகிறேன். அந்த வாக்கியம் இதுவரை இப்படித்தான் இருக்கிறது:

‘நான் கதவைத் தட்டினேன். எர்லீன் திறந்தாள். “அண்ணன் இருக்காரா?” என்று

8

டெலியாவுக்கு நான் எழுதுகிறவன் என்று தெரியும். “எங்களப் பத்தி எழுதினா வாசிச்சுக் காட்டணும், சரியா?” என்று கேட்டிருக்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தக் கதையைத் தமிழில் எழுதியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை டெலியா வருகிறாள். சிவப்பு மூடி அடுப்பைப் பதினொன்றரைக்குப் பற்றவைப்பார்கள். எனக்கும் ஒரு தட்டு உண்டு. அன்றைக்கும் அந்தக் கேள்வி வரும்.

இதுவரை அந்த வெங்காயம் கம்பியில் இழுபட்டதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள். வாயைத் திறக்கிறீர்களா?